காருக்குள் ஒரு மறைவிடம்

பெர்லின் நகரின் நடுவே, ‘செக்பாயிண்ட் சார்லி’ என்று வழங்கிய பழைய எல்லைச் சாவடியின் அருகில் ஒரு காட்சிசாலை உண்டு. ரைனர் ஹில்டபிராண்ட் என்பவர் 1962-ஆம் ஆண்டில் தொடங்கி, அடுத்த ஆண்டில் அவ்விடத்திற்கு மாற்றிய காட்சிசாலை அது. காட்சிசாலை என்றால் மன்னர் சூடிய முடியும் மறவர் ஏந்திய வாளும் நம் நினைவுக்கு வரும். அங்கே காண்பனவோ பழைய மோட்டார் கார்களும், பெட்டிகளும், வீட்டிலே செய்த பறக்கும் கருவிகளும்! அக்கார்களின் உள்ளே சில இடங்கள் வெட்டப்பட்டிருக்கும். சில உறுப்புக்கள் கழற்றப்பட்டிருக்கும். அந்த வெற்றிடத்தில் ஒரு காலத்தில் மனிதர் கிடந்தனர்.

பொன்னை மறைத்துக் கடத்தினார் என்று கேட்டிருக்கிறோம். மதுவை மறைத்துக் கடத்தினார் என்றும் கேட்டிருக்கிறோம். மனிதன் தன்னையே ஒரு பண்டம் போல மறைத்துக்கொண்டு எல்லை கடக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? அதையே இன்று ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது, வென்ற நாடுகள் நான்கும் ஜெர்மனியைத் தம்முள் பங்கிட்டு ஆண்டன. தலைநகராகிய பெர்லினும் அவ்வாறே பங்கிடப்பட்டது. 1949-இல் மேற்கே ஓர் அரசும் கிழக்கே ஓர் அரசும் தோன்றின. கிழக்கு ஜெர்மனியின் நடுவிலே மேற்குப் பெர்லின் ஒரு தீவு போல நின்றது. ஆயினும் நகருக்குள் போக்குவரவு முற்றும் அடைபடவில்லை. கிழக்கில் வாழ்ந்தவன் ஒரு ரயில் சீட்டு வாங்கி மேற்கில் இறங்கிவிடலாம். அவ்வாறு இறங்கியவர் பலர் திரும்பவில்லை. 1949 முதல் 1961 வரை கிழக்கு ஜெர்மனியை விட்டு நீங்கியோர் ஏறக்குறைய 27 இலட்சம் பேர். மருத்துவரும் பொறியாளரும் ஆசிரியரும் இளந்தொழிலாளரும் அவர்களுள் மிகுதி. மக்கள் ஏன் போகிறார்கள் என்று சிந்திக்க வேண்டிய அரசு, அவர்கள் எவ்வழியே போகிறார்கள் என்று மட்டும் சிந்தித்தது. 1961 ஆகஸ்டு 13-ஆம் நாள் விடியுமுன் முள்வேலி எழுந்தது. வேலி பின்னர் மதிலாயிற்று. மேற்குப் பெர்லினைச் சூழ அது வளர்ந்த நீளம் சுமார் 155 கிலோமீட்டர்.

மதில் எழுந்தவுடன் மக்கள் சன்னல் வழியே குதித்தனர். சாக்கடை வழியே நடந்தனர். நிலத்தைக் குடைந்து சுரங்கம் தோண்டினர். வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஆனால் எந்த மதிலுக்கும் வாயில் உண்டு. தூதரும் வணிகரும் வெளிநாட்டாரும் மேற்கு ஜெர்மானியரும் காரில் வந்துபோக அந்த வாயிலை அரசு திறந்துதான் வைக்க வேண்டியிருந்தது. சென்று மீளும் கார் ஒவ்வொன்றும் சிறைப்பட்டவர் கண்ணுக்கு ஒரு வழியாகத் தோன்றியது.

ஆஸ்திரிய இளைஞர் ஒருவர் கிழக்குப் பெர்லின் நங்கை ஒருத்தியைக் காதலித்தார். அவள் நாட்டை விட்டுச் செல்ல இசைவு கிடைக்கவில்லை. அவர் எல்லைச் சாவடியின் தடுப்புக் கட்டையைக் கண்ணாலே அளந்தார். அதனினும் தாழ்ந்த விளையாட்டுக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதன் முன்கண்ணாடியைக் கழற்றினார். 1963 மே மாதத்தில் ஒருநாள், காதலியை இருக்கைக்குப் பின்னும், அவள் தாயைப் பின்புறப் பெட்டியிலும் கிடத்தினார். குண்டு பாய்ந்தால் தடுப்பதற்காகத் தாயின் பக்கத்தில் செங்கற்களை அடுக்கினார். சோதனைக்கு ஒதுங்குமாறு காவலர் காட்டிய இடத்தில் அவர் ஒதுங்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, வளைந்து வளைந்து விரைந்து, தடுப்புக் கட்டையின் அடியிலே புகுந்து மேற்கே வெளிப்பட்டார். பின்னர் அந்தக் கட்டையின் கீழ் இரும்புக் கம்பிகள் தொங்கவிடப்பட்டன. ஒருவர் சென்ற வழியில் மற்றவர் செல்ல இயலாதபடி செய்வதே காவலின் இயல்பு.

விரைவினால் வென்ற கதை இது. பொறுமையினால் வென்ற கதை ஒன்றும் உண்டு. ‘இசெட்டா’ என்பது ஒரு சிறு கார். நீளம் ஏழரை அடி. அகலம் நாலரை அடி. முன்பக்கமே கதவாகத் திறக்கும். இருவர் அமர்ந்தால் முழங்கால் இடிக்கும். மேற்குப் பெர்லினில் மோட்டார் மெக்கானிக்காகப் பயின்ற இளைஞர் ஒருவரிடம் இத்தகைய கார் இருந்தது. கிழக்கே இருந்த அவருடைய இளமைத் தோழர் தம்மை எப்படியாவது கொண்டுவருமாறு வேண்டினார். கட்டாயப் படைச் சேவை அங்கே 1962-இல் சட்டமாகியிருந்தது. அந்தப் படையில் சேர அவருக்கு மனமில்லை.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். இருக்கைக்குப் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் முடங்கிக் கிடக்க வழி தேடினார். மாற்றுச் சக்கரத்தை எடுத்தார். வெப்பக் கருவியை எடுத்தார். காற்று வடிகட்டியை எடுத்தார். 13 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் தொட்டியை நீக்கி, இரண்டே லிட்டர் கொள்ளும் சிறு குவளையை வைத்தார். போய்வரும் தொலைவுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை அல்லவா? எண்ணெயின் இடத்தைக் குறைத்து மனிதனுக்கு இடம் தேடினார் அந்தத் தொழிலாளி! இத்தனையும் செய்த பின்னும் அவரால் அந்தக் காரைக் கிழக்கே ஓட்டிச் செல்ல முடியாது. மேற்குப் பெர்லின் மக்களுக்குத் தடை இருந்தது. மேற்கு ஜெர்மானியருக்கு இல்லை. ஆகவே வேறு இளைஞர்கள் ஓட்டினர். அவர் எல்லைக்கு இப்பால் இருந்து காத்திருக்க நேர்ந்தது. 1964 மே மாதத்தில் ஓர் இரவு, எஞ்சினின் வெப்பத்தையும் புகையையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு அந்தத் தோழர் உயிருடன் மேற்கே வந்து சேர்ந்தார்.

பெரிய காரைக் காவலர் ஐயுற்று ஆராய்வர். இத்துணைச் சிறிய காரில் யார் ஒளிய முடியும் என்று எண்ணி விடுவர். மெக்கானிக்கின் துணிவுக்கு அந்த எண்ணமே அடிப்படை. மறைவிடம் தகட்டினால் மட்டும் ஆவதன்று. தேடுகிறவன் உள்ளத்தில் இருக்கும் “இங்கே இராது” என்னும் நம்பிக்கையினாலும் ஆவது.

அந்த நம்பிக்கையைக் காவலர் மெல்ல மெல்ல இழந்தனர். காரின் அடியில் உருளும் கண்ணாடியைச் செலுத்திப் பார்த்தனர்; பெட்ரோல் தொட்டியில் கம்பியை விட்டு ஆழம் அளந்தனர்; இருக்கைகளைத் தூக்கினர்; மோப்ப நாய்களைக் கொணர்ந்தனர். அவர்கள் தேடும் இடங்களை உதவி செய்வோரும் அறிந்து, தேடாத இடத்தை நாடினர். மருத்துவ மாணவராயிருந்த பர்க்ஹார்ட் ஃபைகல் என்பவர் ‘கடிலாக்’ என்னும் பெரிய அமெரிக்கக் காரில், ஓட்டுநருக்கு எதிரே கருவிகள் பொருந்திய முகப்புப் பலகையின் பின்னே ஓர் ஆள் கிடக்கும் இடத்தை அமைத்தார். பின்புறத்தையே குடைந்து தேடுவோர், தம் கண்ணெதிரே இருக்கும் பலகையை ஐயுறவில்லை. பலர் அவ்வழியே விடுதலை பெற்றனர். அவருக்குப் பிற்காலத்தில் ஜெர்மன் அரசின் விருதும் கிடைத்தது.

1972-இல் நிலைமை சிறிது மாறியது. மேற்கு ஜெர்மனிக்கும் மேற்குப் பெர்லினுக்கும் இடையே கிழக்கு ஜெர்மனியின் சாலை வழியே செல்லும் கார்களை, தக்க ஐயமின்றிச் சோதிப்பதில்லை என்னும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இருளில் சாலையோரம் நிற்கும் ஒருவரை ஏற்றிக்கொள்ளும் வழி பிறந்தது. வழியோடு வாணிகமும் பிறந்தது. முன்பு மாணவர் பலர் ஊதியம் கருதாது செய்த உதவியைப் பெரும்பொருள் பெற்றுச் செய்வோர் பெருகினர். அவர்களுள் நல்லவரும் இருந்தனர், பேராசைக்காரரும் இருந்தனர். வரலாறு எழுதுவோர் இதை மறைத்தல் ஆகாது.

கிழக்கு அரசு 1970-களின் இறுதியிலிருந்து இன்னொரு முறையைக் கையாண்டது. எல்லைச் சாவடிகளில் ‘சீசியம் 137’ என்னும் கதிர்ப்பொருளை மறைத்து வைத்து, செல்லும் கார்களை அதன் கதிர்களால் ஊடுருவிப் பார்த்தது. பயணிகள் யாரும் இதனை அறியார். ஜெர்மனி ஒன்றான பின்னரே செய்தி வெளிப்பட்டது. கதிரின் அளவு மிகக் குறைவு என்று பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். ஆயினும், கேளாமல் மனித உடலை ஊடுருவிய அச்செயலை அளவு ஒன்றினால் மட்டும் மதிப்பிட முடியாது. மறைந்திருந்தவரைத் தேடத் தொடங்கிய அரசு, முடிவில் தானே மறைந்துகொண்டது!

பிடிபட்டவர் நிலை என்ன? ஒளிந்திருந்தவருக்கும் ஓட்டி வந்தவருக்கும் சிறை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உதவி செய்வோர் குற்றத்திற்கு இட்ட பெயர் ‘அரசுக்குப் பகையான மனித வணிகம்’ என்பது. இப்பெயரைக் கேட்கும்போது மற்றொரு செய்தியையும் நினைவு கொள்ள வேண்டும். 1963 முதல் 1989 வரை அதே அரசு, தன் சிறையிலிருந்த அரசியல் கைதிகள் 33,000-க்கு மேற்பட்டோரை மேற்கு ஜெர்மனியிடம் பொருள் பெற்று விடுவித்தது. பெற்ற பொருளின் மதிப்பு ஏறக்குறைய 340 கோடி மார்க். மனித வணிகம் செய்தவர் யார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

பெர்லின் மதிலைக் கடந்து தப்பியோர் 5,000-க்கு மேற்பட்டவர். மதிலருகே உயிரிழந்தோர் 140 பேருக்குக் குறையாதவர். 1989 நவம்பர் 9-ஆம் நாள் இரவு வாயில்கள் திறந்தன. கிழக்கு ஜெர்மனியின் சிறு கார்கள் வரிசை வரிசையாக மேற்கே உருண்டன. அவற்றில் இருந்தோர் சன்னல் வழியே தலையை நீட்டிக் கையசைத்தனர். தலையைத் தாழ்த்த வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.

ஒரு மனிதன் வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால், ஒரு வீடு, ஒரு தெரு, ஓர் ஊர் என்று சொல்வோம். ஒரு நாடு முழுவதும் கையிலிருந்தும் அதில் மூச்சு முட்டுகிறது என்று உணர்ந்தவன், ஒரு மணி நேரம் எஞ்சினின் பக்கத்தில் முடங்கிக் கிடக்கத் துணிந்தான். அந்தக் காட்சிசாலையில் இருக்கும் சிறிய வெற்றிடங்கள் அந்த அரசை அளக்கும் அளவுகோல்கள். ஓர் அரசின் பெருமையை அறிய அதன் மதிலின் உயரத்தைக் கேட்க வேண்டா. வாயில் திறந்திருக்கும்போதும் மக்கள் அங்கே தங்குகிறார்களா என்று கேட்டால் போதும்.