தூக்கம் வராத இரவுகளும் சீனத்து ஊசியும்: அக்குபங்சரின் கதை

எங்கள் பாட்டிக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிடும். போன மாதம் பக்கத்து வீட்டு அத்தை, "அக்குபங்சர் பண்ணிப் பாருங்களேன், ஊசி வைத்தால் தூக்கம் தானாக வரும்" என்றார். அப்பா வேண்டாம் என்றார். அம்மா போய்த்தான் பார்ப்போமே என்றார். வீட்டில் ஒரே பட்டிமன்றம்! "நீதான் நெட்டில் எல்லாம் படிப்பாயே" என்று நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊசிக்கு முன்னால்

அக்குபங்சர் ஐயாயிரம் வருடப் பழமை என்று பலர் சொல்வார்கள். கிடைத்துள்ள ஆதாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. சீனாவின் மவாங்துயி என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-இல் தோண்டினார்கள். அங்கே கிடைத்த பட்டுச் சுவடிகளில் உடலில் ஓடும் 11 பாதைகள் பற்றி இருக்கிறது, மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பது பற்றி இருக்கிறது. ஆனால் அந்தப் பாதைகளில் ஊசி குத்துவது பற்றிப் பேச்சே இல்லை!

ஊசி வைத்தியத்தை விரிவாகச் சொல்வது, அதன் பிறகு தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற நூல். மஞ்சள் பேரரசர் கேள்வி கேட்க, அமைச்சர்கள் பதில் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார்கள்.

தூக்கத்துக்கு அவர்கள் சொன்ன காரணம்

இந்த நூலின் லிங்ஷூ என்ற பகுதியில் தூக்கமின்மைக்கு நேரடியாகவே விளக்கம் இருக்கிறது. உடலைக் காக்கும் 'சி' என்ற சக்தி பகலில் யாங் பகுதியில் 25 சுற்று, இரவில் யின் பகுதியில் 25 சுற்று வருகிறதாம். அது யின்னுக்குள் நுழைந்தால் தூக்கம். நுழைய முடியாமல் யாங்கிலேயே நின்றுவிட்டால் விழிப்பு. இதற்கு வைத்தியமாக ஊசியால் சரிசெய்வதோடு, பினெல்லியா கிழங்கும் சிறுதானியமும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தையும் சொல்கிறார்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஓர் இடம். கிழவர்கள் ஏன் இரவில் தூங்குவதில்லை, இளைஞர்கள் ஏன் பகலில் தூங்குவதில்லை என்று பேரரசர் கேட்கிறார். வயதானால் ரத்தமும் சக்தியும் குறைகின்றன, அதனால் பகலில் தெளிவும் இல்லை, இரவில் தூக்கமும் இல்லை என்பது பதில். அப்படியே எங்கள் பாட்டி!

வெண்கல மனிதரும் பிராக்டிகல் பரீட்சையும்

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி என்பவர் ஊசி வைக்கும் புள்ளிகளைத் தொகுத்து நூல் எழுதினார். 1027 வாக்கில் சோங் அரசவை மருத்துவர் வாங் வெய்யி, ஆள் உயரத்தில் இரண்டு வெண்கல உருவங்கள் செய்தார். புள்ளிகள் இருக்கும் இடங்களில் துளை. மேலே மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் வரும், தவறினால் ஊசியே இறங்காது. நம்ம லேப் எக்ஸாம் எவ்வளவோ பரவாயில்லை!

விழுந்தது, எழுந்தது

1683-இல் டென் ரைன் என்ற டச்சு மருத்துவர் ஜப்பானில் தாம் கண்டதை லத்தீனில் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவுக்கு 'அக்குபங்சர்' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. சீனாவிலோ அதற்கு இறங்குமுகம். 1822-இல் அரச மருத்துவக் கழகத்திலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். 1929-இல் பாரம்பரிய மருத்துவத்தை மொத்தமாக ஒழிக்கும் திட்டமே வந்து, மருத்துவர்களின் போராட்டத்தால் நின்றது.

அதை மீட்டவர்களில் முக்கியமானவர் செங் தான்ஆன். மெல்லிய ஊசிகளைப் புகுத்தினார், ரத்தக்குழாய் மேல் இருந்த புள்ளிகளைத் தள்ளி வைத்தார். அதாவது இன்று நாம் பார்க்கும் அக்குபங்சர், பாதி பழையது, பாதி 20-ஆம் நூற்றாண்டில் திருத்தியது. தூக்கத்துக்காகக் காதின் பின்புறம் ஊசி வைக்கும் 'அன்மியன்' புள்ளியும் அப்படித்தான். பெயருக்கு 'நிம்மதித் தூக்கம்' என்று பொருள். ஆனால் பாதைகளில் உள்ள 361 புள்ளிகளில் அது சேராது, கூடுதல் புள்ளி.

1971-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிந்தைய வயிற்று உபாதைக்கு ஊசி வைத்ததை அவர் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆபரேஷனே ஊசியால் நடந்தது என்று சிலர் சொல்வது தவறு. அதற்குச் சாதாரண மயக்க மருந்துதான் கொடுத்தார்கள்.

சரி, தூக்கம் வருமா?

2004-இல் கனடாவில் பதற்றமும் தூக்கமின்மையும் உள்ள 18 பேருக்கு 5 வாரம் ஊசி வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்துக்கான மெலடோனின் இரவில் கூடியது. ஆனால் ஒப்பிட ஊசி வைக்காத குழு இல்லை. 2012-இல் காக்ரேன் அமைப்பு 33 ஆய்வுகளை, 2,293 பேரின் முடிவுகளை அலசியது. பலன் இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆய்வுகளின் தரம் போதாது, உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது என்றது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். ஊசிக்குப் போலி எது? தோலைத் தொட்டதும் உள்ளே மடங்கும் போலி ஊசியை 1998-இல் உருவாக்கினார்கள். ஆனால் அதுவும் தோலைத் தொடத்தானே செய்கிறது?

நடுவர் தீர்ப்பு

பாட்டியைக் கூட்டிப்போகலாம், மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, முறையாகப் படித்தவராக இருக்க வேண்டும். இரண்டு, ஊசி புதிதாக, ஒரே முறை பயன்படுத்துவதாக இருக்க வேண்டும் (சுத்தம் செய்யாத ஊசியால் மஞ்சள்காமாலை பரவியிருக்கிறது). மூன்று, டாக்டர் தந்த எந்த மாத்திரையையும் அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அதற்கு முன்னால் பகல் தூக்கத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை வாசித்துவிட்டுப் பேரரசர் கேட்ட கேள்வியைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டாயிரம் வருஷமா எல்லாக் கிழவிக்கும் இதே கதைதானா? நான் என்னவோ எனக்கு மட்டும்தான் வியாதின்னு பயந்துட்டேன்டா" என்றார்.

அன்று இரவும் இரண்டு மணிக்கு எழுந்துவிட்டார். ஆனால் பயப்படவில்லை.