முட்டை ஃப்ரைடு ரைஸ்

சோற்றையும் முட்டையையும் கடுந்தீயில் கிளறிச் செய்யும் சீன உணவு. ஜியாங்சு மாகாணத்து யாங்சோ நகரின் பெயரால் வழங்கும் வகை புகழ்பெற்றது. அதில் இறாலும் பன்றித்தொடைக் கறியும் பட்டாணியும் சேரும். வீட்டில் செய்வோருக்குச் சோறுதான் முக்கியம். சூட்டோடு கொட்டினால் குழையும். முதல்நாள் வடித்து ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றில் மாவுச்சத்து இறுகியிருப்பதால் பருக்கை பருக்கையாக உதிரும். எண்ணெய் நன்கு காய்ந்ததும் முட்டையை ஊற்றி, அரைவேக்காட்டிலேயே சோற்றைப் போட்டுப் புரட்ட வேண்டும். உப்பு, வெள்ளை மிளகுத்தூள், வெங்காயத்தாள் போதும். சோறு கறுக்கும்வரை சோயா சாஸ் ஊற்றுவது தெருக்கடைப் பழக்கம், சுவைக்குத் தேவையில்லை. வாணலியை நிறைத்தால் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் புழுங்கும். வடித்த சோற்றை இரவெல்லாம் வெளியே வைக்கக் கூடாது: பேசிலஸ் சீரியஸ் பாக்டீரியா பெருகி வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும், மறுபடி சூடாக்கினாலும் அது அழியாது.