நஞ்சினைக் காட்டும் நுண்விளக்கு

நிறமும் மணமும் சுவையுமின்றிக் கிணற்று நீரில் கலந்து நிற்கும் நஞ்சு ஆர்செனிக். அதனைக் கண்ணுக்குப் புலனாக்க, கண்ணுக்கே புலனாகாத பாக்டீரியாவை அறிஞர் துணைக்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

அழுகிய மீனும் மட்கிய மரமும் இருளில் ஒளிர்வதை மக்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தனர். இராபர்ட் பாயில் ஒளிரும் மரத்தைக் கண்ணாடிக் கலத்திலிட்டுக் காற்றை வெளியேற்றினார், ஒளி அவிந்தது. காற்றை உள்ளே விட்டார், ஒளி மீண்டது. 1668-இல் வெளியான இச்சோதனையால், இவ்வொளிக்குக் காற்று இன்றியமையாதது என்பது தெளிவாயிற்று. 1887-இல் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா, ஒளிரும் சிப்பியொன்றை ஆராய்ந்து, ஒளிக்கு இருபொருள் கூட வேண்டும் எனக் கண்டார். எரிபடும் பொருளுக்கு லூசிபெரின் என்றும், அதனைத் தூண்டும் நொதிக்கு லூசிபெரேஸ் என்றும் பெயரிட்டார்.

அடுத்த பெரும்படி 1983-இல் நிகழ்ந்தது. விப்ரியோ பிஷரி என்னும் கடல் பாக்டீரியாவின் ஒளி மரபணுக்களை எங்கபிரெக்ட், நீல்சன், சில்வர்மன் ஆகிய மூவரும் பிரித்தெடுத்து, ஈ. கோலை பாக்டீரியாவில் புகுத்தினர். ஒளியறியாத உயிர் ஒளிர்ந்தது!

இதனால் அறிதலும் அறிவித்தலும் வெவ்வேறு கூறுகளாயின. அறிவிக்கும் கூறு ஒளியே. அறியும் கூற்றை மாற்றினால் வேறொரு பொருளைக் கண்டறியலாம். 1990-இல் டென்னசி பல்கலைக்கழகத்துச் செய்லர் குழுவினர், மண்ணை மாசுபடுத்தும் நாப்தலீனைக் கண்டதும் ஒளிரும் பாக்டீரியாவை உருவாக்கினர்.

ஆர்செனிக்குக்கு உரிய காவலன் ஆர்ஸ்-ஆர் என்னும் புரதம். அது மரபணுவின் வாயிலை அடைத்து நிற்கும். ஆர்செனிக் வந்து பற்றினால் வாயிலை விட்டு விலகும்; உடனே ஒளி பிறக்கும். இவ்வமைப்பைக் கொண்டு வியட்நாமின் செவ்வாறு, மேக்கொங் வடிநிலங்களில் 194 நிலத்தடி நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. முடிவுகள் 2005-இல் வெளியாயின. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அவ்வெல்லையை வைத்துப் பார்க்கையில், நஞ்சிருந்தும் இல்லையெனக் காட்டிய பிழை 8 விழுக்காடு.

அப்பிழை சிறிதன்று, அந்நீரைப் பருகுவோருக்கு அது உயிர்ப்பிரச்சினை. மேலும், ஒளி குன்றுதல் நஞ்சின்மையாலும் நிகழும். வேறொரு நஞ்சால் பாக்டீரியாவே மடிந்ததாலும் நிகழும். ஆதலின் ஒளி தோன்றினால் எச்சரிக்கை கொள்க. தோன்றாவிடில் மறுசோதனை செய்க. விளக்கு எத்துணைச் சிறப்புடையதாயினும், அதன் இருளையும் படித்தறிதலே அறிவு.