மைனர் கணக்கு: கையெழுத்து யாருடையது?

பிள்ளைக்குச் சேமிக்கும் பழக்கம் வரவேண்டும், ஒரு கணக்கு திறந்து கொடுங்கள் என்று கிளைக்கு வருகிற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, பணம் எடுக்கக் கையெழுத்துப் போடப்போவது யார் என்பதைத்தான். பெரும்பாலும் அப்பா 'நான்தான்' என்பார். பெயர் பையனுடையது, பாஸ்புக் அப்பாவின் பீரோவில். இந்தக் கையெழுத்து விவகாரத்துக்கு நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சிக்கலின் வேர் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம். மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை என்றது அது. (பி.காம். படித்தவர்களுக்கு மோகிரி பீபி வழக்கு மறந்திருக்காது. கல்கத்தாவில் ஒரு மைனர் 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர் பாடு திண்டாட்டம்.) வங்கிக் கணக்கே ஓர் ஒப்பந்தம்தான். அப்படியானால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடமே பதில் வந்துவிட்டது. 1873-ம் வருட அரசு சேமிப்பு வங்கிகள் சட்டத்தில், மைனர் தானே போட்ட பணத்தை அவர் கையிலேயே கொடுக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். வேறொருவர் போட்டிருந்தால் கார்டியனிடம், மைனரின் உபயோகத்துக்காக. போட்டவர் கைக்கே பணம்! என்னைக் கேட்டால், சிறுவர் சேமிப்பைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட மிக நல்ல வரி இதுதான். 1882-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தது. (2018-ல் சட்டத்தின் பெயரை அரசு சேமிப்பு ஊக்குவிப்புச் சட்டம் என்று மாற்றினார்கள்.)

பள்ளிகளில் நடந்த சஞ்சயிகா ஞாபகம் இருக்கிறதா? மாணவர்களே மேனேஜர், மாணவர்களே கேஷியர், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர். அதுவும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

வங்கிகள் பக்கம் கதை வேறு. 1956-ம் வருட இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், இயற்கைக் கார்டியன் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்றது. பிள்ளை கையெழுத்து இருக்கட்டும், அம்மாவின் கையெழுத்துக்கே மதிப்பில்லை. தாயைக் கார்டியனாக வைத்து மைனர் கணக்கு திறக்கலாம் என்று 1976-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. ஆனால் 1984-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் 20,000 ரூபாய்க்கு 9 சதவீத ரிலீஃப் பாண்டுக்கு விண்ணப்பித்தபோது, அதே ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பியது. தந்தை கையெழுத்துப் போடட்டும், இல்லையென்றால் நீங்கள்தான் கார்டியன் என்று சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றது. அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 'அவருக்குப் பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் அந்தப் பொறுப்பில் இல்லாத நிலைமையும் அடங்கும் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. ஒரு பாண்டுக்குப் பதினைந்து வருடம்!

பிள்ளையின் முறை வர இன்னும் தாமதம். சில வங்கிகள் முன்பே தங்கள் விதிகளில் இடம் கொடுத்திருந்தாலும், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது 2014 மே மாதம்தான். அஞ்சலகச் சட்டத்தோடு ஒப்பிட்டால் 141 வருடம் பின்னால்.

அதன்பின் எங்கள் கிளையில் நடந்தது ஒன்று. ஏழாம் வகுப்புப் பெண், சொந்தக் கையெழுத்தில் இயங்கும் கணக்கு. சைக்கிள் வாங்க 2,200 ரூபாய் எடுக்க வந்தாள். கூட வந்த அப்பா, அவளுக்குத் தெரியாமல் என்னிடம் தலையை ஆட்டினார், கொடுக்காதீர்கள் என்று. கணக்கு அவளுடையது, விதி அவள் பக்கம். முதல் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இரண்டாம் தடவை ஒத்துப்போனது. நோட்டுகளை இரண்டு முறை எண்ணினாள். அப்பா போன மாதம்வரை அதை எமர்ஜென்சிக்கு இருக்கிற பணம் என்று நினைத்திருந்தாராம்.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதிகளைப் புதுப்பித்தது. பத்து வயதிலிருந்து சேமிப்புக் கணக்கும் டெபாசிட்டும் அவர்களே இயக்கலாம், வரம்பை அந்தந்த வங்கி வைத்துக்கொள்ளும். கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க மட்டும் முடியாது. பதினெட்டு முடிந்ததும் புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கவேண்டும். அந்தப் பெண்ணின் அட்டையில் இன்னமும் நோட்டுப்புத்தகத்தில் எழுதுவதுபோல முழுப்பெயர்தான் இருக்கிறது.