அடுப்பில்லாமல் ஒரு கார்பைடு

கிரைண்டர் மேல நமக்குப் பெரிய மரியாதை கிடையாது. அது அரைக்கும், அவ்வளவுதான். சமைக்கிறது அடுப்போட வேலை. கார்பைடு தயாரிச்சவங்களும் ரொம்ப காலம் இப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த நினைப்பு எப்படி மாறிச்சுன்னு தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

உலோகமோ சிலிக்கனோ கரியோட சேர்ந்தா கார்பைடு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் செயற்கை வைரம் பண்ணப் போய், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சினார். கிடைச்சது சிலிக்கன் கார்பைடு. கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள்னு நினைச்சு 'கார்போரண்டம்'னு பேர் வெச்சுட்டார். பேர் தப்பு, சரக்கு நல்ல சரக்கு :-)

அடுத்தது பெர்லின். பல்புக்கான டங்ஸ்டன் இழையை மெல்லிசா இழுக்க வைர அச்சு தேவைப்பட்டது. வைரம் விக்கிற விலைக்குக் கட்டுப்படியாகுமா? டங்ஸ்டன் கார்பைடு கெட்டிதான், ஆனா தட்டினா உடையும். ஓஸ்ராம் கம்பெனியின் கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல் அந்தத் தூளோட கோபால்ட் தூளைக் கலந்து, அழுத்தி, சுட்டார். கோபால்ட் பசை மாதிரி பிடிச்சுக்கிச்சு. 1926-ல் க்ரூப் கம்பெனி இதை 'விடியா'ன்னு விற்க ஆரம்பிச்சது. ஜெர்மன் மொழியில் 'வைரம் மாதிரி' என்பதன் சுருக்கம். இந்தத் தொழிலில் தூளையும் கோபால்ட்டையும் பால் மில்லில் போட்டு மணிக்கணக்கா உருட்டுவாங்க. உருளைக்குள்ள குண்டுகள், நடுவுல தூள். ஆனா கார்பைடு உண்டாவது மட்டும் 1400 டிகிரிக்கு மேல உலையில்தான். மில் வெறும் எடுபிடி.

1966 வாக்கில் இன்கோ நிறுவனத்தின் ஜான் பெஞ்சமின், விமான எஞ்சினுக்கான நிக்கல் கலவைக்காக மில்லை வேறு மாதிரி பயன்படுத்தினார். குண்டுகள் மோதும்போது தூள் நசுங்கும், ஒட்டும், உடையும், மறுபடி ஒட்டும். புரோட்டா மாவை வீசி மடிக்கிற மாதிரி அடுக்கடுக்கா மெலிஞ்சுக்கிட்டே போகும். கடைசியில் உருக்காமலே உலோகக்கலவை!

அதே வழியில் 1991-ல் இத்தாலியின் மத்தியாஸியும் பிரான்சின் லெ காயரும், தனிமத் தூள்களைக் கரியோட அரைச்சே அறை வெப்பத்தில் கார்பைடுகள் உண்டாக்கினதை வெளியிட்டாங்க. டைட்டானியமும் கரியும் இதில் தனி ரகம். அரைச்சுக்கிட்டே இருக்கும்போது ஒரு கட்டத்தில் மூடின குடுவைக்குள்ளேயே குப்புன்னு பத்திக்கும். நொடியில் டைட்டானியம் கார்பைடு.

நம்ம சித்த வைத்தியர்கள் ரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் கருப்பாகும் வரை அரைப்பாங்களே, அதுவும் இந்த ஜாதிதான். அரைப்பே அங்கே ரசாயன மாற்றம் செய்யுது.

ஒரு வில்லங்கமும் உண்டு. எஃகுக் குண்டு தேய்ஞ்சு இரும்பு தூளில் கலந்துடும். நேரம் கூடக்கூட அழுக்கும் கூடும். அதனால டங்ஸ்டன் கார்பைடிலேயே செஞ்ச குண்டுகளைப் போடறாங்க. அந்தக் குண்டுகள் எங்கே செய்யறாங்கன்னு கேக்கறீங்களா? அதே பழைய உலையில்தான்.