ஐந்தரை மணி நேரம்

ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை வேறொருவர் தன் கணக்கில் ஏற்றுகிறார். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே நிறுவனத்தின் கணினி அதைப் பிடித்துவிடுகிறது. முன்பே அடையாளம் காணப்பட்ட படங்கள் ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் உண்டு. புதிதாக ஏறும் படத்தின் எண் அதோடு பொருந்தினால் போதும். 2009-இல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய போட்டோடிஎன்ஏ இப்படித்தான் வேலை செய்கிறது. பொருந்திய உடனே ஒரு தகவல் பிறக்கிறது. அதில் இருப்பவை கணக்கின் விவரம், ஐபி முகவரி, தேதி, நேரம், அந்தக் கோப்பு ஆகியவைதான்.

அமெரிக்கச் சட்டப்படி நிறுவனங்கள் அதை மறைக்க முடியாது. வர்ஜீனியாவில் உள்ள என்சிஎம்இசி என்ற குழந்தைகள் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்தியக் கணக்கு என்றால் அங்கிருந்து டெல்லியில் உள்ள தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வரும். அதற்கான ஒப்பந்தம் 2019 ஏப்ரலில் ஆனது. டெல்லியிலிருந்து மாநிலக் காவல்துறைக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு என்று தகவல் இறங்கி வருகிறது.

தகவல் தடுக்கி விழக்கூடிய இடம் இங்கேதான். அதில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். 14-ஆம் தேதி இரவு 8.40 என்று இருந்தால் நமக்கு அது 15-ஆம் தேதி அதிகாலை 2.10. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்து செல்போன் நிறுவனத்திடம் கேட்டால், அந்த முகவரியை அப்போது வைத்திருந்த வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்து நிற்கும். நேரம் சரியாக இருந்தாலும் பாடு தீராது. நம் செல்போன் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல போன்களுக்கு ஒரே சமயத்தில் பங்கிட்டுக் கொடுக்கின்றன. போர்ட் எண் இல்லாவிட்டால் ஒரு பெயருக்குப் பதில் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். கிடைத்த பெயரும் சிம் கார்டு வாங்கியவரின் பெயர். போனை வைத்திருப்பது அவருடைய மகனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகே தகவல் 'நியாயமான காரணம்' ஆகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். நீதிமன்றத்திடம் வாரண்ட் வாங்கலாம். தாமதித்தால் தடயம் போய்விடும் என்று கருதினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அழித்துவிடுவார்கள் என்ற பயம் செல்போன் விஷயத்தில் எப்போதும் உண்மைதான். அதனாலேயே, எழுதப்படும் அந்தக் காரணம் கனமானதாக இருக்க வேண்டும் என்பேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் போலீஸ் ஜீப் புதிதல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு கல்வராயன் மலையில் சாராய வேட்டை இன்னும் தீவிரமானது. அங்கே ஊறலைக் கண்டால் அந்த இடத்திலேயே கொட்டி அழித்துவிடுவார்கள். போனை அப்படிக் கையாள முடியாது. கைப்பற்றிய நிமிடத்திலேயே சிக்னலைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரத்திலிருந்தே ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட முடியும். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை மகஜரில் எழுத வேண்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் சோதனை முழுவதையும் வீடியோவாகப் பதிவு செய்வதும் கட்டாயம். அந்த போனில்தான் வீட்டின் கல்யாணப் படமும், நூறு நாள் வேலைக் கூலி வந்த குறுஞ்செய்தியும் இருக்கும். ஒரு குற்றத்தைத் தேடிப் போகிறவர் ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையையும் கையில் எடுத்துக்கொண்டு மலை இறங்குகிறார்.

பிறகு அது ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே மூல போனைத் தொடாமல் நகல் எடுத்து, நகலுக்குக் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணைக் குறிக்கிறார்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த எண் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், இது அந்தக் கோப்புதானா என்ற கேள்வி எழும்.

சென்னை அம்பத்தூரில் இந்தப் பாதை முழுவதையும் நாடே பார்த்தது. 2020 ஜனவரியில் மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தை வைத்து மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. கைப்பற்றிய போனில் குழந்தைகள் இருந்த இரண்டு வீடியோக்கள் கிடைத்தன. தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு வழக்கை மீட்டது. அழிக்காமல், புகார் செய்யாமல் வைத்திருப்பதும் போக்சோ 15-ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம் என்றது. வர்ஜீனியாவுக்குச் சொல்வதோடு நிறுவனங்களின் கடமை முடியவில்லை, நம் நாட்டுக் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. படத்தில் இருக்கும் குழந்தையின் பக்கம் நின்று எழுதப்பட்ட தீர்ப்பு அது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

ஆனால் சோதனையின் காரணத்தை எடைபோடும் வேலை நம்மிடம் பலவீனமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2021-இல், கூகுள் ஊழியர் யாருமே திறந்து பார்க்காத கோப்புகளை அதிகாரி வாரண்ட் இல்லாமல் திறந்தார் என்பதற்காக, வில்சன் வழக்கில் அந்தச் சாட்சியம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கே 1973-இல் வந்த பூரன் மல் தீர்ப்பின்படி, சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்த சாட்சியத்தை ஏற்கலாம். குழந்தைக்குக் கொடுமை செய்தவன் ஒரு கையெழுத்துப் பிழையால் தப்பிவிடக் கூடாது என்பது சரி. அதே சமயம், நேரத்தைக் கணக்கிடத் தவறியதால் கதவு தட்டப்பட்ட வீட்டுக்கும் ஊரில் பேர் கெட்டுவிடுகிறது; அந்த நேரத்தில் உண்மையான குற்றவாளி தன் போனைத் துடைத்து முடித்திருப்பான்.

காரணம் எழுதிய தாளின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மனு கொடுத்தால் அதே நகலை வீட்டுக்காரருக்கும் இலவசமாகத் தர வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழு மலைக் கிராமங்களில் முகாம் நடத்தும்போது இந்த ஒரு விஷயத்தை மக்களிடம் சொல்லட்டும். அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது நேரம் எழுதியிருக்கும் வரி.