பல்லில் புழுவா?

கன்னம் வீங்கி வகுப்பில் சுருண்டு கிடந்தான் மாணவன். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தார்களாம், புழு விழுந்ததாம்! நோய் மட்டும் போகவில்லை.

நம் நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர், 1781 வரை ஆண்டனர். அவர்தம் நாட்டில், டெல்ஃப்ட் நகரில், பல்கலைக்கழக வாசலை மிதியாத துணி வணிகர் லீவன்ஹூக், தம் பல்லழுக்கைச் சுரண்டி, தாமே தேய்த்த வில்லையின் வழியே நோக்கினார். நெளிந்தன, சுழன்றன சிற்றுயிர்கள்! 1683இல் இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். புகைபோட்டுப் பல்லிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட புழுக்களையும் பின்னாளில் ஆராய்ந்தார். அவை அழுகிய பாலாடைக்கட்டியில் நெளியும் புழுக்கள்! நாகைத் துணி கப்பலேறிற்று. அந்த அறிவு நம் தெருவுக்கு வந்ததா?

ஈறுகளில் கிருமி பெருகினால் குருதியின் வெள்ளணுக்கள் படையெனத் திரளும். போர் நீடித்தாலோ, பகைவன்மீது வைத்த தீ சொந்தக் கூரையைப் பற்றுவதுபோல், பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். குருதியில் நுழையும் கிருமி, பழுதுற்ற இதய வால்வில் குடியேறின் உயிருக்கே உலை. நீரிழிவாளருக்கு ஈறுநோய் சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை ஈறுகளை மேலும் அரிக்கும்.

மாணவனின் தாயாரிடம் இவ்வளவும் சொன்னோம். “புழுவைக் கண்ணால் பார்த்தேனே!” என்றார். மறுநாள் காலை, மூவருமாக மருத்துவமனை வரிசையில் நின்றோம்.